டிரிம் பட்டனைத் தொடுவதற்கு முன்னால்

"மாமா, எனக்கு இது வரல. வித்துடலாமா?"

அக்கா மகன் இதைக் கேட்டபோது ரிமோட்டில் பறக்கவிடும் விமானம் அவன் மடியில் கிடந்தது. மூக்கு நசுங்கி, வாலில் டேப் சுற்றி, இறக்கையில் சீமைக்கருவேல முள் குத்திய ஓட்டைகளோடு. ஒன்பதாவது படிக்கிறான். இரண்டு வருடப் பொங்கல் காசையும் பிறந்தநாள் காசையும் சேர்த்து, மீதிக்கு அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய ஃபோம் டிரெய்னர், அதாவது பழகுவதற்கென்றே செய்த விமானம் அது. மூன்று ஞாயிற்றுக்கிழமை பறக்கவிட்டான், மூன்றிலும் விழுந்தது. முதல் இரண்டு தடவை நான் ஊரில் இல்லை. மூன்றாவதை நேரில் பார்த்தேன். கையிலிருந்து விட்டதும் மூக்கை விருட்டென்று தூக்கியது, அவன் ரிமோட்டின் ஸ்டிக்கை முன்னால் தள்ளினான், குப்புறப் பாய்ந்தது, பதறிப்போய் இழுத்தான், செங்குத்தாக எழுந்து வேகம் செத்து இடது இறக்கையைச் சாய்த்துக்கொண்டு முள்ளுக்குள் போய்விட்டது. எல்லாம் பத்து வினாடிக்குள்.

திருச்சிக்குத் திரும்பும் வழியெல்லாம் அவன் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து பேட்டரியை உள்ளே வைத்து, அந்த விமானத்தை இரண்டு ஆள்காட்டி விரல் நுனியில் தூக்கிப் பார்த்த பிறகு சொன்னேன்: "மாப்ள, இத நானே ஓட்டியிருந்தாலும் விழுந்திருக்கும்."

இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். ரேடியோ கன்ட்ரோல் விமானம் பழக வருகிற பிள்ளைகளில் எத்தனையோ பேர் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டு பாதியில் விட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருடைய விமானத்தை யாரும் ஒரு முறைகூட விரலில் தூக்கி நிறுத்திப் பார்த்ததில்லை. எடை சரியாக உட்காராத விமானம் பழகுகிறவனுக்குத் தப்பான பாடம் சொல்லிக்கொடுக்கும். அவன் சரியாகச் செய்தாலும் அது தப்பாகப் பதில் சொல்லும். அப்படியிருந்தால் எப்படிக் கற்றுக்கொள்வது?

சரி, விரலில் தூக்குவது எப்படி என்று முதலில். இறக்கை மேலே இருக்கும் டிரெய்னர் என்றால் விமானத்தை நேராகவே பிடிக்கலாம். இறக்கையின் அடியில், உடம்பை ஒட்டி இரண்டு பக்கமும் விரல் நுனியை வைத்துத் தூக்க வேண்டும். எந்த இடத்தில் விரல் வைத்தால் மூக்கும் வாலும் சமமாக நிற்கிறதோ அதுதான் ஈர்ப்பு மையம், எங்கள் பேச்சில் சி.ஜி. பறக்கும்போது உள்ளே என்னென்ன இருக்குமோ அத்தனையும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், முக்கியமாக பேட்டரி. எஞ்சின் விமானமாக இருந்தால் எரிபொருள் டாங்க் காலியாக இருக்க வேண்டும், ஏனென்றால் டாங்க் பெரும்பாலும் சி.ஜி.க்கு முன்னால்தான் இருக்கும், பறக்கப் பறக்க எண்ணெய் தீர்ந்து மூக்கு லேசாகிக்கொண்டே வரும், இறங்கும் நேரத்தில்தான் விமானம் உண்மையில் எப்படி நிற்கிறது என்பது தெரியும்.

நேரான, அகலம் மாறாத இறக்கை கொண்ட டிரெய்னருக்கு இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் சி.ஜி. இருந்தால் பழகுவதற்கு நல்லது. இவனுடைய இறக்கையின் அகலம் 200 மில்லிமீட்டர். விமானத்தோடு வந்த தாளில் 54 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது, அதாவது 27 சதவீதம். நான் அளந்தபோது 76 இருந்தது. 38 சதவீதம். 22 மில்லிமீட்டர் என்றால் ஒரு கட்டைவிரல் அகலம்தான். அந்தக் கட்டைவிரல் அகலம்தான் அவனை மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை முள்ளுக்குள் இறக்கியது.

எப்படி அங்கே போனது? கேட்டேன். முதல் தடவை விழுந்தது அவன் தவறுதான், வேகம் வருமுன் ஸ்டிக்கை முழுக்க இழுத்திருக்கிறான், அது எல்லோரும் செய்வது. அதில் மூக்கு நசுங்கி வால் உடைந்தது. வாலை ஹாட் குளூ வைத்து ஒட்டி, மேலே ஃபைபர் டேப்பைச் சுற்றோ சுற்று என்று சுற்றியிருக்கிறான். மூக்கு நசுங்கியதில் பேட்டரி பழைய இடத்துக்குள் போகவில்லை, நாலரை சென்டிமீட்டர் பின்னால் தள்ளி வைத்திருக்கிறான். அவ்வளவுதான். அந்த ஒட்டு வேலைக்குப் போன அளவு பசையையும் டேப்பையும் சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்தால் 20 கிராம். ஆனால் அது சி.ஜி.யிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. வெள்ளிக்கோல் பார்த்தவர்களுக்கு இது புரியும், கோலின் நீண்ட பக்கத்தில் சின்னக் குண்டை நகர்த்தித்தான் மறுபக்கம் கிலோக்கணக்கில் நிறுப்பார்கள். 20 கிராமை 600 மில்லிமீட்டரால் பெருக்கினால் 12,000. விமானத்தின் மொத்த எடை 900 கிராம். வகுத்தால் 13 மில்லிமீட்டர். வாலில் ஒட்டிய பசையும் டேப்பும் மட்டுமே சி.ஜி.யை 13 மில்லிமீட்டர் பின்னால் தள்ளிவிட்டது, மீதி 9 மில்லிமீட்டர் பேட்டரியின் வேலை. ஆக முதல் தடவை விழுந்தது அவன் கையால். அடுத்த இரண்டும் அப்படியில்லை.

இதை அவனிடம் தாளில் போட்டுக் காட்டினேன். கணக்கில் சுமாரான பையன்தான், ஆனால் இந்தப் பெருக்கலை அவனே மூன்று முறை போட்டுப் பார்த்தான். முகம் மாறியது.

சி.ஜி. பின்னால் போனால் ஏன் இப்படி ஆடுகிறது? அம்பை நினைத்துக்கொள்ளுங்கள், முனை கனமாகவும் பின்னால் இறகும் இருப்பதால்தான் நேராகப் போகிறது. விமானத்திலும் இறக்கை, வால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நடுப்புள்ளி உண்டு. காற்று மூக்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் கூடுதலாக வரும் தூக்குவிசை அந்தப் புள்ளியில்தான் வேலை செய்யும். சி.ஜி. அதற்கு முன்னால் இருந்தால் அந்த விசையே மூக்கைத் திரும்பக் கீழே கொண்டுவந்துவிடும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். சி.ஜி. பின்னால் போகப் போக இந்த இழுப்பு குறையும். புள்ளியைத் தொட்டுவிட்டால் திருத்தமே இல்லை, தாண்டிவிட்டால் மூக்கு தூக்கியது இன்னும் தூக்கும். பழகிய கைக்காரர்கள் சாகச விமானத்தில் சி.ஜி.யை வேண்டுமென்றே பின்னால் வைத்து, ஸ்டிக்கைத் தொட்டதும் திரும்பும்படி செய்துகொள்வார்கள். பழகுகிற பையனுக்கு அது கூடாது. அவன் ஒரு இழை இழுத்தால் விமானம் ஒரு முழம் எழும்புகிறது, பயந்து எதிர்ப்பக்கம் தள்ளுகிறான், அது அதைவிட அதிகமாகக் குனிகிறது.

1871இல் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர், பாரிஸின் துய்லரி தோட்டத்தில் ரப்பர் முறுக்கில் பறக்கும் ஒரு சின்ன மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். 11 வினாடி, சுமார் 40 மீட்டர். அதில் ஆளும் இல்லை, ரேடியோவும் இல்லை, கையிலிருந்து விட்டபின் யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆனாலும் நேராகப் பறந்தது, ஏனென்றால் வாலை இறக்கையைவிடக் கொஞ்சம் கீழ்நோக்கிய கோணத்தில் வைத்து, எடையையும் அதற்கேற்ப முன்னால் நிறுத்தியிருந்தார். ரைட் சகோதரர்களுக்கு 32 வருடம் முந்தைய விஷயம் இது. இன்று உங்கள் கையில் இருக்கும் டிரெய்னர் தானாக நிமிர்கிறது என்றால் அடிப்படை அதே ஏற்பாடுதான். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கும்.

இனி சரிசெய்தல். 900 கிராம், 22 மில்லிமீட்டர், பெருக்கினால் 19,800. இதை முன்பக்கம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பேட்டரி 180 கிராம், மூக்கில் நசுங்கிய ஃபோமைச் சீவி எடுத்ததும் 70 மில்லிமீட்டர் முன்னால் நகர்ந்தது, அதில் 12,600 வந்துவிட்டது. மீதி 7,200. சி.ஜி. வர வேண்டிய இடத்திலிருந்து மோட்டாரைப் பொருத்தும் சுவர் 240 மில்லிமீட்டர் முன்னால், அங்கே 30 கிராம் போதும். எப்போதுமே இருக்கிற சாமானை நகர்த்தித்தான் முதலில் பார்க்க வேண்டும், கூடுதல் எடை கடைசி வழி. அந்த 30 கிராமுக்கு நான் போவது டயர் கடைக்கு. காருக்கு வீல் பேலன்ஸிங் செய்யும்போது ஒட்டுவார்களே, 5 கிராம், 10 கிராம் துண்டுகளாக, பின்னால் பசையோடு, அதைவிட வசதியான பொருள் இந்த வேலைக்குக் கிடையாது. மூன்று 10 கிராம் துண்டு. வாலில் இருந்த டேப்பைப் பிரித்து எடுத்திருக்கலாமே என்று தோன்றும், பிரித்தால் ஃபோமும் சேர்ந்து வரும், அதனால் விட்டுவிட்டோம். அடுத்த முறை வால் உடைந்தால் மெல்லிய பசை, ஒரு சுற்று டேப், அதோடு நிறுத்து என்று சொல்லிவைத்தேன்.

அப்புறம் இடவல எடை. இதைப் பார்க்கிறவர்கள் குறைவு. மூக்கில் மோட்டார் தண்டை ஒருவர், வாலின் நடுவை ஒருவர் விரலில் தாங்கித் தூக்கினால் கனமான இறக்கை இறங்கும். ஒரு முறையோடு நம்பக் கூடாது, நாலைந்து தடவை பார்க்க வேண்டும். இவனுடையதில் இடது பக்கம் இறங்கியது, அந்தப் பக்கம்தான் இரண்டு முறை ஒட்டியிருந்தான். வலது இறக்கை நுனியில் ஒரு 5 கிராம் துண்டு ஒட்டியதும் சமமானது. நுனியில் வைப்பதால் சின்ன எடை போதும், அதே வெள்ளிக்கோல் கணக்கு.

இறக்கை முறுக்கியிருக்கிறதா என்று பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பதும் இதோடு சேர்ந்த வேலை. நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் ஒரு மதியம் வைத்தால் போதும், ஃபோம் இறக்கை முறுக்கிக்கொள்ளும், பால்சா என்ற லேசான மரத்தில் செய்த விமானத்தில் மேலே ஒட்டிய ஃபிலிம் தொய்ந்துபோகும். முறுக்கிய இறக்கையை டிரிம் போட்டு, அதாவது ரிமோட்டில் ஒரு பட்டனைத் தட்டி இறக்கை, வால் தகடுகளைக் கொஞ்சம் சாய்த்தே நிற்கவைத்து, சமாளித்தால் ஒரு வேகத்தில் நேராகப் போகும், இன்னொரு வேகத்தில் சாயும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அய்யா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு பலகையில் இரண்டு பென்சிலை ரப்பர் முனை மேலே இருக்கும்படி நட்டு வைத்திருப்பார், அதுதான் அவருடைய சி.ஜி. தாங்கி. 6.5 சிசி எஞ்சின் போட்ட என் முதல் பால்சா டிரெய்னரை அதில் ஏற்றி வைத்துவிட்டு, நான் பறக்க அவசரப்படுவதைப் பார்த்து, "தம்பி, ரிமோட்ல டிரிம் தட்டித் தப்பிக்கப் பாக்காதீங்க. கம்பியத் திருகுங்க" என்றார். அன்று அது புரியவில்லை.

கம்பியைத் திருகுவது என்றால் இதுதான். ரிமோட்டில் எல்லா டிரிமும் நடுவில் இருக்க வேண்டும். சர்வோ என்பது தகடுகளை அசைக்கும் குட்டி மோட்டார், அதன் கை தகட்டுக்குப் போகும் கம்பிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்போது எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு), ரட்டர் (இடவலம் திருப்பும் வால் தகடு), எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடு) மூன்றும் நேராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கம்பியின் (புஷ்ராட்) நுனியில் உள்ள கிளெவிஸ் என்ற கவ்வியைக் கழற்றித் திருகி நீளத்தை மாற்ற வேண்டும். எம்2 திருகு என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு 0.4 மில்லிமீட்டர், அவ்வளவு நுணுக்கமாக வைக்கலாம். பிறகு திசை. ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும். சர்வோ மாற்றியபின் இதைப் பார்க்காமல் பறக்கவிட்டு நொறுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அனுபவசாலிகள்தான்.

மோட்டாரின் சாய்வையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அடிப்பக்கம் தட்டையான டிரெய்னர் இறக்கை வேகம் கூடினால் மேலே ஏறத்தான் பார்க்கும், அதனால் மோட்டாரை இரண்டு மூன்று டிகிரி கீழ்நோக்கி வைப்பார்கள். புரொப்பெல்லர் சுழற்சி விமானத்தை இடது பக்கம் இழுப்பதால் வலது பக்கமும் கொஞ்சம் திருப்பி வைப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் மோட்டார் கோணலாக இருக்கிறதே என்று நேராக்கிவிடுவது உண்டு. வேண்டாம். இவனுடையதில் மூக்கு நசுங்கியபோது அந்தக் கீழ்ச்சாய்வும் போயிருந்தது. மோட்டாரைப் பிடித்திருக்கும் மவுன்டின் மேல் திருகுகளுக்குப் பின்னால் ஒரு மில்லிமீட்டர் வாஷர் கொடுத்தோம். திருகுகளுக்கு நடுவே 28 மில்லிமீட்டர் இருந்தது, அதற்கு ஏறக்குறைய 2 டிகிரி வரும்.

அடுத்த ஞாயிறு, விடிந்ததும் கீரனூர் தாண்டி ஒரு கண்மாய்க்குப் போனோம். புதுக்கோட்டைச் சாலையில் திருச்சி விமான நிலையம் இருப்பதால் பக்கத்தில் எங்கேயும் பறக்கவிடக் கூடாது, நன்றாகத் தள்ளிப் போய்விட வேண்டும். சித்திரை மாதம், தண்ணீர் வற்றி மண் பாளம்பாளமாக வெடித்திருந்தது. காலை ஆறு மணிக்குக் காற்று அசையவில்லை. டிரிம் பார்க்க இந்த நேரம்தான் சரி. ஒன்பது மணிக்கு மேல் தரை காய்ந்து அனல் கிளம்பிவிட்டால் விமானம் தானாக ஏறும், தானாக இறங்கும், அது டிரிம் கோளாறா காற்றா என்று கண்டுபிடிக்க முடியாது. ஆடிக் காற்றில் டிரிம் பார்ப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஸ்டிக் என் கையில், டிரிம் பட்டன் அவன் விரலில். கையிலிருந்து விட்டேன், சீராக ஏறியது. போதுமான உயரம் போனதும் மோட்டார் வேகத்தை மாற்றும் திராட்டிலைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து நேராக ஓடவிட்டு ஸ்டிக்கை விட்டேன். இடது பக்கம் சாய்ந்தது.

"எய்லரான், வலது ரெண்டு."

பீப், பீப். இன்னும் சாய்ந்தது. "இன்னொண்ணு." நின்றது. முதலில் எய்லரானைத்தான் பார்க்க வேண்டும், சாய்ந்து கிடக்கும் விமானம் திரும்பிக்கொண்டே மூக்கையும் இறக்கும், அதை எலிவேட்டர் குறை என்று நினைத்துவிடுவோம். இறக்கை சமமானபின் பார்த்தால் மூக்கு மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. "எலிவேட்டர், கீழ ஒண்ணு. மறுபடி. ஒண்ணு. போதும்." ஒவ்வொரு தட்டலுக்கும் பிறகு இரண்டு மூன்று வினாடி பொறுக்க வேண்டும், விமானம் புதிய நிலைக்கு வர அவ்வளவு நேரம் எடுக்கும். அவசரப்பட்டுத் தட்டினால் நேர்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவோம். ஒரு வட்டம் சுற்றி வந்து மறுபடி நேராக ஓடவிட்டேன். இரண்டு கையையும் ஸ்டிக்கிலிருந்து எடுத்தேன். கண்மாயின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை அது தானாகப் போனது. அவன் ரிமோட்டைப் பார்க்கவில்லை, அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு இரண்டு சோதனை. திராட்டிலை முழுக்கத் திறந்தேன், கொஞ்சமாக மூக்கு எழுந்து நேராக ஏறியது, அந்த வாஷர் தன் வேலையைச் செய்தது. மூடினேன், மூக்கைத் தாழ்த்திச் சறுக்க ஆரம்பித்தது. அடுத்தது உயரத்திலிருந்து திராட்டிலை மூடி, 45 டிகிரி கீழ்நோக்கிப் பாயவைத்து ஸ்டிக்கை விடுவது. இதுதான் விரலில் பார்த்த சி.ஜி.யை வானத்தில் சரிபார்க்கும் இடம். மூக்கு கனமான விமானத்தை நேராகப் பறக்கவைக்க எலிவேட்டரில் மேல் டிரிம் வைத்திருப்போம், பாயும்போது வேகம் கூடி அந்த டிரிமுக்கு வலு வந்து சட்டென்று நிமிர்ந்து மேலே எழும். வால் கனமென்றால் கீழ் டிரிம் இருக்கும், பாய்ச்சல் இன்னும் செங்குத்தாகும், அப்போது தயங்காமல் மெதுவாக இழுத்து எடுத்துவிட வேண்டும். இது நிதானமாக, ஒரு நீண்ட வளைவாக நிமிர்ந்தது. டிரெய்னருக்கு நான் விரும்புவது அதைத்தான்.

இறக்கினோம். டிரிம் போட்டபடியே விமானத்தைத் தரையில் வைத்து, ஒவ்வொரு தகடும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து குறித்தோம். ரிமோட்டில் டிரிமை நடுவுக்குக் கொண்டுவந்து (நடுவில் வேறு ஒலியில் ஒரு பீப் வரும்), கிளெவிஸைத் திருகித் தகடுகளை மறுபடி குறித்த அளவுக்கே கொண்டுவந்தோம். எலிவேட்டருக்கு ஒரு சுற்று, எய்லரானுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை. இதைத்தான் அய்யா சொன்னார். டிரிம் நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் முழு அசைவு மிச்சம் இருக்கும், பையில் வைக்கும்போது பட்டன் தட்டுப்பட்டு நகர்ந்தாலும் எது சரியான இடம் என்று சந்தேகமே வராது. டிரிம் பத்துப் பதினைந்து தட்டலுக்கு மேல் போகிறது என்றால் திருகுவதற்கும் முன்னால் காரணத்தைத் தேட வேண்டும். முறுக்கா, எடையா, மோட்டார் கோணமா என்று.

அடுத்த பேட்டரி அவன் கையில். எலிவேட்டர் அசைவைக் குறைந்த ரேட்டில் வைத்துக் கொடுத்தேன், ஏற்றிவிட்டு உயரத்தில்தான் ரிமோட்டை அவன் கைக்கு மாற்றினேன். முதல் திருப்பத்தில் அதிகமாகச் சாய்த்துவிட்டான். "விடு, ஸ்டிக்க விடு" என்றேன். விட்டான். விமானம் தானே நிமிர்ந்தது. அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான், "மாமா, அதுவே வருது!" என்றான். ஏழு நிமிடம் ஓட்டினான். இறக்குவதை நான் செய்தேன். மூன்றாவது பேட்டரியில் அவனே இறக்கினான், கொஞ்சம் குதித்துப் புரொப்பெல்லர் ஒன்று போனது, அது பரவாயில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை வாங்கி, இறக்கையின் அடியில் முன்விளிம்பிலிருந்து 54 மில்லிமீட்டரில் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டினான். பேனாவால் குறித்தால் கண்ணால் பார்க்க வேண்டும், பொட்டு என்றால் விரலுக்கே தட்டுப்படும். இப்போது ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றியதும் விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கி, அந்த இரண்டு சிவப்புப் பொட்டிலும் விரலை வைத்து நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டுகிறான். போன வாரம் கண்மாயில் இன்னொரு பையன் புது விமானத்தோடு வந்திருந்தான். இவன் நேராகப் போய் முதலில் கேட்டது, "அண்ணா, பேட்டரி உள்ள வச்சுட்டீங்களா? கொஞ்சம் தூக்கிப் பாக்கட்டுமா?"